ஏறிய நாற்காலி இறங்கவில்லை, மாப்பிள்ளை

அன்பும் மரியாதையும் கலந்து, மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கு இருவரும் நலம். நான் கீழே நலம், உங்கள் அத்தை மாடியில் நலம். இந்த இரண்டு நலத்தையும் ஓரிடத்தில் சேர்க்க வழியில்லாமல் போனதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருப்பேன். நான் போனில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பீர்கள், மாடிக்குக் கேட்காதா?

அத்தையின் முழங்கால் இனிப் படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதுமே நீங்கள் லீவு போட்டு வந்து, படியோரமாகத் தண்டவாளம் பதித்து, பேட்டரியில் ஓடும் நாற்காலியை உங்கள் கையாலேயே செய்து மாட்டினீர்கள். எந்த மாப்பிள்ளை செய்வார்? அதில் ஒரு குறையும் சொல்ல வரவில்லை. மேலே தள்ளினால் ஏறும், கீழே தள்ளினால் இறங்கும், நடுவில் விட்டால் நிற்கும் என்று ஒரு சுவிட்ச் வைத்தீர்கள். நல்ல சாமானாயிற்றே என்று நான் அதைத் தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல மெள்ள மெள்ள நகர்த்தி அணைத்து வந்தேன். "பட்டுனு தட்டாதே, பதமா விடு" என்று அத்தையையும் பழக்கினேன். அணைக்கும்போதெல்லாம் உள்ளே நீலமாக ஏதோ மின்னும். பார்க்க அழகாக இருந்ததால் சந்தேகம் வரவில்லை. ஒருநாள் கருகல் வாடை வந்தது, சுவிட்ச் செத்தது. அப்புறம்தான் போனில் நீங்கள் விளக்கினீர்கள்: வீட்டு மின்சாரம் ஒவ்வொரு நொடியும் பலமுறை பூஜ்யத்துக்கு வந்து போவதால் சுவிட்சில் எழும் பொறி தானே அணைந்துவிடும், பேட்டரி மின்சாரத்துக்கு அந்த நல்ல பழக்கம் கிடையாது, மெதுவாகத் திறந்தால் பொறி அந்தச் சின்ன இடைவெளியிலேயே குடியிருந்து உலோகத்தைத் தின்னும், அதிலும் மோட்டார் சுருளில் ஓடிய மின்னோட்டம் நிற்கச் சொன்னதும் நிற்காமல் முரண்டு பிடிக்கும், ஆகவே படக்கென்று பிரிக்க வேண்டும் என்று. வாழ்நாள் முழுக்கப் பொறுமைசாலி என்று பெயரெடுத்தவன், அந்தப் பொறுமையாலேயே ஒரு சுவிட்சைக் கொன்றுவிட்டேன்.

புது சுவிட்ச் வரும்வரை இருக்கட்டும் என்று பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். விளக்குக்குப் போடும் சாதாரண சுவிட்சில் இரண்டை எடுத்து, ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று மாட்டினார். "வீட்டு கரண்ட்டையே தாங்குற சுவிட்ச் சார் இது. உங்க இருபத்துநாலு வோல்ட்டெல்லாம் இதுக்குத் தூசு" என்றார். அந்தத் தூசு ஒரே வாரத்தில் சுவிட்சின் உள்ளே இருந்த இரண்டு உலோகத்தையும் ஒட்டவைத்துவிட்டது. அத்தை மாடியை எட்டியபின் அணைத்தால் அணையவில்லை. நாற்காலி மாடிச் சுவரை முட்டிக்கொண்டு உறுமுகிறது, "நிறுத்துங்களேன், நிறுத்தித் தொலைங்களேன்" என்று அவள் உறுமுகிறாள், நான் கீழே பேட்டரி ஒயரைப் பிடுங்குகிறேன், என் கையருகேயும் அதே நீலப் பொறி. இந்த முறை அழகாகத் தெரியவில்லை. அன்று அவளைக் கைத்தாங்கலாக ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கினேன், இனி அப்படி இறங்க முழங்கால் தாங்காது என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பிய புது சுவிட்சும், மோட்டாரோடு சேர்த்து மாட்டச் சொன்ன, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடும் வந்தன. நிறுத்தும்போது முரண்டு பிடிக்கும் மின்னோட்டத்தை டயோடு தன் பக்கம் திருப்பிவிடும், பொறி எழாது என்று எழுதியிருந்தீர்கள். கோடு போட்ட முனை எந்தப் பக்கம் என்று படம்கூடப் போட்டிருந்தீர்கள். அப்படியே மாட்டினோம். அத்தையோடு நாற்காலி ஏறியது, நின்றது, பொறி என்பதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு இறங்கு என்று தள்ளினோம், ஃபியூஸ் போனது. புது ஃபியூஸ் போட்டோம், அதுவும் போனது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மோட்டாரில் மின்சாரம் திசை மாறுமாம். ஏறும்போது காவல் காத்த டயோடு, இறங்கும்போது மொத்தக் கதவையும் திறந்துவிடுகிறது. நீங்கள் இதை மறந்திருக்க மாட்டீர்கள். ஏறிய நாற்காலி இறங்கவும் வேண்டும் என்பதை நான்தான் உங்களுக்குத் தெளிவாகச் சொல்லத் தவறிவிட்டேன்.

டயோடைக் கழற்றினால் மறுபடி பொறி வந்து இந்த சுவிட்சும் போய்விடுமே என்று அதில் கை வைக்கவில்லை. ஆக, உங்கள் அத்தை மேலேயே இருக்கிறாள். குளியலறை மாடியில் இருப்பதால் அந்தக் கவலை இல்லை. மூன்று வேளையும் நான்தான் தட்டோடு படியேறுகிறேன். பிரச்சினை அதுவல்ல. அவள் தங்கை, படியே இல்லாத வீட்டில் இருப்பவள், தினமும் போன் பண்ணி "இங்க வந்துடுக்கா" என்கிறாள். நேற்று உங்கள் அத்தை என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "நாற்காலி ஒரு தடவை இறங்கட்டும். இறங்கினதும் நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். உங்களோட சேர்ந்து இந்த சுவிட்சுக்குப் பயந்து வாழ என்னால ஆகாது." கீழே வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் யோசிக்க முடியவில்லை. எனக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள் மாப்பிள்ளை?

சுவிட்சின் பயம் போனால் அவள் மனம் மாறலாம். ஆகவே, மின்சாரம் எந்தத் திசையில் வந்தாலும் பொறியை அடக்கும் பாகம் ஒன்றைக் கூரியரில் உடனே அனுப்புங்கள். ஒருநாள்கூடத் தாமதம் வேண்டாம். இனிமேல் கோபக்காரன் மாதிரி படக்கென்றே அணைப்பேன் என்று உறுதி தருகிறேன். மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள், பாதி கீழிருந்து, பாதி மேலிருந்து.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: மாப்பிள்ளைக்குப் போகும் கடிதம் எதுவும் அத்தையின் பார்வைக்குத் தப்பியதில்லை. மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "நாற்காலி வந்ததிலேருந்து நீங்க அந்த சுவிட்சை மட்டும்தானே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. இப்பதான் மூணு வேளையும் மேல வந்து எங்கிட்ட உட்கார்ந்து பேசறீங்க. தங்கச்சி வீட்டுக்குப் போறதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள். ஆகவே கூரியர் வேண்டாம், சாதாரணத் தபால் போதும். முகவரியைக் கொஞ்சம் கிறுக்கலாக எழுதினாலும் பரவாயில்லை.