மச்சான் பொறுக்கிக் கொடுத்த பட்டாளத்து வண்டியும் அதன் சின்னக் கம்பியும்

பழவேற்காடு
18-11-1954

அன்பு மச்சான் சிராஜுக்கு ஷஃபியுல்லா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பட்டணத்தில் உன் உடம்பும் தொழிலும் குறைவில்லாமல் இருக்க துஆச் செய்கிறேன். இவ்விடத்துச் சுகத்தை முதல் வரியிலேயே எழுதிவிடும்படி உன் லாத்தா, என் வீட்டுக்காரி கமர் நிஷா பக்கத்தில் நின்று சொல்கிறாள். எழுத மாட்டேன். நீ கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் படிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை நான் பட்டதையெல்லாம் அதே வரிசையில் நீயும் பட வேண்டும். அதற்குக் காரணம், நீ பட்டாளத்து ஏலத்தில் பார்த்துப் பொறுக்கி என் தலையில் கட்டிய வண்டி.

இங்கே மூன்று நாளாக விடாத மழை. செவ்வாய் காலை நான் பஜ்ரு தொழுதுவிட்டு வீட்டுக்கு வரும்போது, பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள், உன் மருமகள் ஜாஹிதாவுக்கு வலி கண்டுவிட்டது. மாப்பிள்ளையோ பினாங்கில். குப்பத்து மருத்துவச்சி சின்னப்பொண்ணைக் கூப்பிட்டோம். ஊரில் பாதிப் பேரைப் பூமிக்குக் கொண்டுவந்தவள். வயிற்றைத் தடவிப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது. "பாய், புள்ள குறுக்கால படுத்துக்கினு கீது. என் கையால ஆவாது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ, இப்பவே போ" என்றாள். பஸ் இரண்டு நாளாக இல்லை. ரோட்டுக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது என்று மாட்டுவண்டிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். நம் டிரைவர் குப்புராஜ் கல்யாணத்துக்காகக் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தான். ஆகவே கருவாட்டுக் கூடைகளை இறக்கிப் பின்தட்டைக் கழுவி மெத்தை போட்டுத் தார்ப்பாய் கட்டி, ஜாஹிதாவையும் உன் லாத்தாவையும் சின்னப்பொண்ணையும் ஏற்றிவிட்டு, மொத்தமே மூன்று தடவை வண்டி ஓட்டியிருக்கும் நான் ஸ்டீரிங்கைப் பிடித்தேன்.

திருப்பாலைவனத்துக்கு இந்தப் பக்கம் தாழ்வான இடத்தில் ரோட்டைக் காணோம். வெறும் தண்ணீர், அதற்கு அடியில் களிமண். நடுவில் போனதும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன. வண்டி கொடுத்த அன்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. "சேத்துல மாட்டினா சின்னக் கம்பியை இழு மச்சான், யானை மாதிரி ஏறும்." பெரிய கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் இருக்கின்றனவே, அதில் கடைசியாக இருப்பதை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். துண்டைச் சுற்றி, காலை ஊன்றி இழுத்தேன். துண்டுதான் வந்தது. சின்னப்பொண்ணு இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று வண்டியைத் தள்ளினாள். பின்னால் ஜாஹிதா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. மறைக்காமல் எழுதுகிறேன், நான் அழுதேன்.

அப்போது ஜாஹிதா, "வாப்பா, கம்பிக்கு நேரா ஒரு தகடு அடிச்சிருக்கே, அதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அவள் நாலாவது பாரம் வரை படித்தவள். எனக்கு ரயில் கூடைகளில் விலாசம் எழுதிப் பழகி இங்கிலீஷ் எழுத்து தெரியுமே தவிர, சேர்த்துப் படிக்க வராது. தகடு முன்னால், படித்த பிள்ளை பின்னால். ஒவ்வோர் எழுத்தாகக் கத்தினேன். "எஃப்... ஆர்... ஓ... என்... டி." அதற்குள் ஒரு வலி வந்துவிட்டது. எழுத்தின் மேல் விரலை வைத்தபடி நான் காத்திருந்தேன். வலி விட்டதும், "ஃப்ரண்ட், முன்னாலன்னு அர்த்தம், மேலே சொல்லுங்க" என்றாள். இன்னும் சில வார்த்தைகளைக் கடந்து, "பி... இ... எஃப்... ஓ... ஆர்... இ" என்றேன். "அதுவும் முன்னாலதான்" என்றாள். இரண்டு முன்னால எதற்கு என்று எனக்கு மூளை கலங்கிவிட்டது. உன் லாத்தா, "பட்டாளத்துக்காரனுக்குப் பின்னால போவவே தெரியாதா?" என்று கேட்டாள். அடுத்த வலி வந்து போவதற்குள் தகடு முடிந்தது. ஜாஹிதா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், "முன்சக்கரத்துக் கம்பியை முதல்ல போடணும் வாப்பா. அதுக்கு அப்புறம்தான் சின்னக் கம்பி விழும்." நடுக் கம்பியைத் தள்ளினேன், விழுந்தது. சின்னப்பொண்ணு வண்டியை ஒரு சாண் அசைத்துக் கொடுத்தாள். சின்னக் கம்பி வெண்ணெய் மாதிரி இறங்கியது. நாலு சக்கரமும் பிடித்து, வண்டி தண்ணீரை விட்டு ஏறியது. இந்தப் பாடத்தைத் தலைகீழாகச் சொல்லிக் கொடுத்தவன் நீ.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தாயா? கெட்டியான கப்பி ரோடு வந்தபிறகு சின்னக் கம்பி வெளியே வர மறுத்தது. எஞ்சின் ஊரையே கூட்டுகிற மாதிரி அலறுகிறது, வண்டியோ மனிதன் நடக்கிற வேகத்துக்கு மேல் போகவில்லை. ஒரு தபால்காரர் சைக்கிளில் எங்களைக் கடந்து போனார். ஊருக்குள் நுழைந்து தபால் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் கடந்து போனார். ஜாஹிதாவின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது, அதுதான் எனக்குப் பெரிய பயம். ஒவ்வொரு மரத்துக்கும் "ஜாஹிதா" என்று கூப்பிட்டேன். அவள் "ம்" என்றால் அடுத்த மரம் வரை எனக்கு உயிர் இருந்தது.

மெதூர் ரைஸ் மில் வாசலில் நின்ற எஞ்சின் மேஸ்திரி சடையப்பன் சத்தம் கேட்டு ஓடிவந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "கெட்டி ரோட்டுல நாலு சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கினு கீது நைனா. இழுத்தா வராது. பத்தடி பின்னால போ, தானா அவுந்துடும்" என்றார். உன் லாத்தா தார்ப்பாயை விலக்கி, "இவ்வளவு பாடுபட்டு வந்துட்டு பின்னால போவதா? ஒரு முழம் போனாலும் நான் இறங்கிடுவேன்" என்றாள். மச்சான், இருபத்தைந்து வருஷத்தில் உன் லாத்தா பேச்சை நான் மீறியது அன்றுதான். பத்தடி பின்னால் போனேன். கம்பி 'டக்' என்று கழன்றது. அவள் இறங்கவில்லை, பொன்னேரி வரை பேசவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் ஜாஹிதாவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார். நான் சேற்றுக் கைலியோடு வராந்தாவில் நின்றேன். கால் மணி கழித்து வெளியே வந்து, "குறுக்கே இருக்குன்னு யார் சொன்னது? தலை கீழே நேரா இருக்கு. சில சமயம் தானா திரும்பிக்கும்" என்றார். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். இப்போது சொல்லிவிட்டேன்.

ஆனாலும் அந்த வண்டி இனி என் வாசலில் நிற்கக் கூடாது. வரும் ஞாயிற்றுக்கிழமை நீயே நேரில் வந்து ஓட்டிக்கொண்டு போ. அதன் கம்பியை நான் ஆயுசுக்கும் தொடமாட்டேன். உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும், மற்றவர்களுக்கு வண்டி வாங்கிக் கொடுக்காத புத்தியும் தருவானாக.

இப்படிக்கு,
மு. ஷஃபியுல்லா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் குப்புராஜ் கல்யாணத்திலிருந்து திரும்பினான். வண்டி கொடுத்த அன்று அவனும் கூட நின்றானாம். முன்சக்கரம் முதலில், சின்னக் கம்பி பிறகு என்று நீ சரியாகத்தான் சொன்னாயாம். நான் கூடைக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டே "சரி சரி" என்றேனாம். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே சின்னப்பொண்ணு, எட்டு மாதக் கர்ப்பிணி அஞ்சம்மாளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "பாய், இதுக்கும் குறுக்கால கீது. டாக்டரம்மா இன்னா சொன்னாலும் புள்ளயத் திருப்பினது உன் வண்டி தான். அந்தச் சின்னக் கம்பியைப் போட்டு மெதுவா ஆட்டிக்கினே பொன்னேரிக்கு இட்டுக்கினு போய்க் காட்டு" என்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள். நான்தான் ஓட்ட வேண்டுமாம், குப்புராஜ் வேகமாகப் போவானாம். குழந்தையைப் பார்க்க அவசியம் வா. பஸ்ஸிலேயே வந்து பஸ்ஸிலேயே போ, வண்டிக்கு வேலை இருக்கிறது.