தலைக்கு ரெண்டு செம்பு

"தலைக்கு ரெண்டு செம்புக்கு மேல கிடையாது மாமா," என்றான் பாண்டியராஜ்.

மாமனார் ஒச்சப்பனைச் சுடுகாட்டில் எரித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். அங்கே குழாயைத் திறந்தால் வெறும் காற்று. தலை முழுகாமல் வீட்டுப்படி ஏறவும் கூடாது. திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீர் வந்து பத்து நாளுக்கு மேலாகிவிட்டது. மாடித் தொட்டியில் பாதிதான் கிடந்தது.

"செத்தவனுக்கு அண்ணன் நான். என்னைய ரெண்டு செம்புல கழுவி உள்ள தள்ளப் பாக்குறியா?" ரெட்டியார்சத்திரத்துக் கருப்பணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாசலில் நின்ற அவன் மனைவி ஜீவிதாவின் முகம் சுண்டிப்போனது. ஒச்சப்பன் சண்டை போடாத சொந்தம் ஒன்று பாக்கியில்லை. "எங்கப்பாவுக்கு நாலு பேரு கூட வரமாட்டாகளே" என்றுதான் காலையிலிருந்து அழுகிறாள், பாவம். வந்ததே ஏழெட்டுப் பேர். அதில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும் அவள் தாங்கமாட்டாள்.

"செத்த நேரம் பொறுங்க மாமா!"

பாண்டியராஜ் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடையில் வேலை பார்ப்பவன். நீளக் குழாய் ஒன்றில் ஆணியால் வரிசையாக ஓட்டை போட்டான், துணிக்கொடியில் கட்டினான், மறுமுனையைத் தொட்டியில் மாட்டினான். கீழே வரிசையாக நின்றால் போதும், எல்லார் தலையும் ஒரே நேரத்தில் நனையும். தண்ணீரும் மிச்சம். மூளைன்னா மூளை!

கருப்பணனுக்கு அது பிடித்துவிட்டது. பிடித்தவர் நகரவில்லை.

"முதுகு இன்னும் நனையல மாப்ள."

முதுகு நனைவதற்குள் தொட்டி காலி. பெண்கள் ஒருவரும் குளிக்கவில்லை.

லாரித் தண்ணீருக்குச் சொன்னான். லாரி வந்தது, சந்துக்குள் நுழையவில்லை. தெருமுனையிலேயே நிறுத்தி, குழாயைச் சாமியானாக் கம்பங்களில் இழுத்துக் கட்டினான். பெண்கள் குளித்து முடித்தும் வரிசை குறையவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வந்தார்கள், அதற்கடுத்த தெருவிலிருந்தும் வந்தார்கள். ஒருவர் சோப்போடு வந்தார். துக்கத்துக்கு வந்த மனிதரிடம் அதைப் போய் எப்படிக் கேட்பது?

"உங்கப்பா பக்கத்து ஆளுகளா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"எனக்கும் தெரியலைங்க. யாருக்கு என்ன நல்லது செஞ்சாரோ, நம்மகிட்ட சொன்னாரா?" வரிசையைப் பார்த்துப் பார்த்து அவள் அழுதாள். இப்போது அழுகையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "எங்கப்பாவுக்கு இம்புட்டுச் சனமா!"

பாண்டியராஜ் இரண்டாவது லாரிக்குப் போன் போட்டான்.

ஈரக் கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கையை ஜீவிதா ஓடிப்போய்ப் பற்றிக்கொண்டாள்.

"எங்கப்பாவுக்கு நீங்க என்ன முறை வேணும்க்கா?"

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள்.

"ஏந்தாயி, இங்க குளிக்கிறதுக்குச் சொந்தமா வேற இருக்கணுமா?"