மணவாளன் மாட்டிய பிரேக்

உத்திரமேரூர்
8-10-84

சிரஞ்சீவி மச்சான் மணவாளனுக்கு,

உன் மாமா வரதன் எழுதுவது. நானும் உன் அக்கா சுலோச்சனாவும் உடம்பளவில் சௌக்கியம். மெட்ராஸில் நீயும் உன் மெக்கானிக் ஷெட்டும் சௌக்கியமாக இருக்கப் பெருமாள் பார்த்துக்கொள்வார். என்னால் இனி முடியாது.

போன மாதம் வந்து என் காரின் பின்சக்கரத்து டிரம் பிரேக்கைக் கழற்றினாய். "ஓடையில எறங்கினா டிரம்முக்குள்ள தண்ணி பூந்து பிடிக்காது மாமா, இது தொறந்து கீது, ஒடனே காஞ்சிடும்" என்று ஏதோ நொறுங்கிப்போன வெளிநாட்டுக் காரின் டிஸ்க் பிரேக்கை மாட்டினாய். முன்சக்கரத்துக்கு என்றேன், இரண்டு டிஸ்க் தட்டுதான் கிடைத்தது என்றாய். கைப்பிரேக்கும் சேரவில்லை, அதற்குப் பதில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு கருங்கல் கொடுத்தாய். அதையும் டிக்கியில் வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் விஜயதசமி. நம் பெண் கஸ்தூரிக்குத் தாம்பூலம் மாற்றத் தென்னேரிக்குக் கிளம்பினோம். வழியில் ஓடையில் இறங்கி ஏறினேன். முன்சக்கரத்து டிரம் நனைந்தது, போகட்டும், பின்னாலேதான் மணவாளன் மாட்டிய பிரேக் இருக்கிறதே என்று தைரியமாகப் போனேன். மாப்பிள்ளையின் அப்பா வீராசாமி வாசலில் கைகூப்பி நிற்கிறார். பிரேக்கை மிதித்தேன். மறுபடி மிதித்தேன். காரிலிருந்தே வணக்கம் சொன்னேன். சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டிவிட்டேன். பந்தல்கால் இரண்டு, வேலிப்படல் ஒன்று, அப்புறம் வைக்கோல் போர். அங்கே நின்றது. உன் அக்கா மடியில் பழத்தட்டு மட்டும் சிந்தவில்லை.

"இன்னா சம்பந்தி" என்றே இத்தனை நாள் கூப்பிட்ட மனுஷன், "இன்னாங்க, பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா வாயால சொல்றது, வாசல்ல நிக்காம போறதா?" என்றார். ரோசக்காரர். யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார். கஸ்தூரி நாலு நாளாக நாஷ்டாகூடத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்த டிஸ்க் தட்டைக் கழற்றி, தென்னேரி போய், "தப்பு என்னுடையது" என்று நீயே சொல். இல்லாவிட்டால் தாய்மாமன் சீரோடு இந்தப் பக்கம் வராதே.

குழந்தைகளுக்கு என் ஆசி. உனக்கு அப்புறம் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வரதன்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் வீராசாமியே வந்துவிட்டார், முடியாது என்று நேரில் சொல்ல. டிராக்டர் வைத்திருப்பவர் ஆயிற்றே, காரைக் கண்டதும் குனிந்தார். பிரேக் தட்டில் விரலைத் தேய்த்து முகர்ந்தார். "இன்னா இது, நல்லெண்ண வாசன வருது? சந்தனம் வேற கீது" என்றார். ஆயுத பூஜையன்று நம் வீட்டில் அரிவாள், கடப்பாரை எதற்கும் எண்ணெய் பூசிப் பொட்டு வைக்காமல் விட்டதுண்டா? டிரம் மூடியிருந்தது, தப்பித்தது. இது பளபளவென்று தெரிந்தது. துரு ஏறுமே என்று நான்தான் அடியில் படுத்து இரண்டு பக்கமும் பூசினேன். எண்ணெய் பட்ட பிரேக் வழுக்காமல் என்ன செய்யும்? எல்லாம் கேட்டுவிட்டு விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "பிரேக்குக்கே பொட்டு வைக்கற வூட்டுப் பொண்ணு, எங்க வூட்ல ஒரு அருவாள துரு பிடிக்க வுடாது. தையில வெச்சிக்கலாம் சம்பந்தி" என்றார். கஸ்தூரி உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். சீரோடு வா, பிரேக் தட்டைத் துடைத்துவிட்டுப் போ. உன் அக்கா கேட்டால் மட்டும் தப்பு உன்னுடையதாகவே இருக்கட்டும். நான் அவளோடு இந்த வீட்டில் குடியிருக்க வேண்டியவன்.