எல்லப்பன் அண்ணாச்சியின் தென்னை மரம்

ஒரகடம்,
ஆவணி மாதம், 1982.

சிரஞ்சீவி குமாரத்தி செங்கமலத்துக்கு, உன் தகப்பன் எல்லப்பன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் எருமையும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை வாராவாரம் வானொலியிலேயே கேட்டுக்கொள்கிறபடியால், அதைப் பற்றி நீ தனியாக எழுத வேண்டியதில்லை. இது கோபக் கடிதம். ஆனாலும் மரியாதைக்கு முதலில் நலம் விசாரித்துவிட்டேன்.

வானொலியில் உழவர் நிகழ்ச்சியில் பாஞ்சாலியக்கா என்ற கிராமத்துப் பெண்ணாகப் பேசப் போவதாக நீ எழுதியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் டிரான்சிஸ்டர் இருந்தும், நாலு பேர் கேட்கட்டும் என்று கூட்டு ரோட்டில் கோதண்டம் டீக்கடைக்குப் போனேன். இருந்தவர்களுக்கெல்லாம் என் செலவில் டீ. ரேடியோ கொரகொரவென்று கனைத்தது, நீ வந்தாய். வந்து, "ஏ மைனி, பருத்தியில பூச்சி வுழுந்துட்டுன்னு வெசனப்படுதீயளோ? நான் இருக்கம்லா!" என்றாய். கோதண்டம் என்னைப் பார்த்து, "இன்னா எல்லப்பா, உம் பொண்ணு இன்னிக்கு வரலியா? வேற யாரோ தென்னாட்டம்மா பேசிகினு கீது" என்றான். அது என் பெண்தான் என்று சொல்ல எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. மறைமலை நகர் கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்திருந்த ஒரு திருநெல்வேலிக்காரர் மட்டும் கண் கலங்கி, "எங்க அக்கா மாதிரியே பேசுதாவ" என்றார். அவருக்கு நீ அக்கா ஆனதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் மகள் எங்கே என்பதுதான் என் கேள்வி. போன எலெக்‌ஷனில் ஓட்டுக் கேட்க வந்தவர்கூட மேடையில் "வீறுகொண்டு எழுவீர் பெருமக்களே" என்று முழங்கிவிட்டு, ஜீப்பில் ஏறியதும் "வண்டிய எட்றா, பசிக்குது" என்றார். அவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் நம் வீட்டில் பிறந்தவர் இல்லை.

மனசு கேட்காமல், மல்லாட்டை வறுத்துப் பையில் போட்டுக்கொண்டு, படப்பை வழியாகத் தாம்பரம் போய் ரயில் பிடித்துப் பட்டணம் வந்தேன். வானொலி நிலையத்தில் நீ இன்னொரு தமிழில் வந்தாய். "வாருங்கள் அப்பா. பயணம் சௌகரியமாக இருந்ததா?" என்றாய். பிறந்ததிலிருந்து நைனா என்று கூப்பிட்ட வாய்! செய்தி ஏதாவது வாசிக்கிறாயோ என்று பார்த்தால், பக்கத்தில் உன் அதிகாரி நரசிம்மன் நிற்கிறார். நான் "இன்னாம்மா இப்பிடி எளச்சிட்டே? ஆஸ்டல்ல சோறு போட்றாங்களா இல்லியா?" என்றேன். பையில் என்ன என்று அவர் கேட்டார். "மல்லாட்டைங்க" என்றேன். "நிலக்கடலை, சார்" என்று நீ அவசரமாக மொழிபெயர்த்தாய். அசல் விவசாயியே வந்திருக்கிறாரே, மைக்கில் பேச வைத்துப் பார்ப்போம் என்று அவர் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். நானும் உள்ளதைச் சொன்னேன்: "நெல்லு நட்டுகினு கீறோம், ஏரில தண்ணி கீது, எருமதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது." அவர் முகம் தொங்கிவிட்டது. "பெரியவரே, நீங்கள் பேசுவது பட்டணத்து ரிக்‌ஷாக்காரர் மாதிரி இருக்கிறது. விவசாயி என்றால் நேயர்கள் நம்பமாட்டார்கள். கொஞ்சம் கிராமத் தமிழில் பேசுங்களேன்" என்றார். ஆயுசு முழுக்கச் சேற்றில் நின்றவன், கிராமத்தான் பரீட்சையில் ஃபெயில். நீ ஒரு வார்த்தை சொல்வாய் என்று பார்த்தேன். நீ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் மல்லாட்டை தின்றோம். ஒரு சொத்தையைக் கடித்துவிட்டு "அய்யே!" என்று துப்பினாய் பார், அது உன் அம்மா சின்னப்பொண்ணுவின் அய்யே. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் ஊர் வந்து சேர்ந்தேன். அவள் போனபின் இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் நான் எருமையைத் திட்டுவது மட்டும்தான். தனியாக இருக்க எனக்குப் பயமில்லை செங்கமலம், ஆனால் பிடிக்கவில்லை.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். பாஞ்சாலியக்காவுக்கு நேயர் கடிதம் போட்டேன். "என் வீட்டுத் தென்னை மரத்தில் காண்டாமிருக வண்டு விழுந்திருக்கிறது, என்ன செய்யலாம்? இப்படிக்கு, எல்லப்பன், ஒரகடம்." நம் வீட்டில் தென்னை ஏது? இருப்பது ஒரு முருங்கை, அதுவும் பக்கத்து வீட்டுக்குத்தான் காய்க்கிறது. அதைப் படித்ததும் நீ பாஞ்சாலியை மறந்து, "இன்னா நைனா, நம்ம வூட்ல ஏது தென்ன?" என்று ஒரு தரம் கேட்டுவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். அடுத்த நிகழ்ச்சிக்கும் கோதண்டம் கடையில் எல்லாருக்கும் டீ. நீ கடிதத்தைப் படித்தாய். என் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றாய். நான் பெஞ்சை விட்டே எழுந்துவிட்டேன். "எல்லப்பன் அண்ணாச்சி, வெசனப்படாதீய! வேப்பம் புண்ணாக்க மணலோட கலந்து மட்ட இடுக்குல போடுங்க" என்றாய். பெற்ற தகப்பன் அண்ணாச்சி! கடையே சிரித்தது. கோதண்டம்தான் சமாதானம் சொன்னான். "வுடு எல்லப்பா. அது பொயப்பு. மைக்கு முன்னால நைனா கினான்னு பேசிகினு இருந்தா வேல பூடும்." நான் டீயைக் குடிக்காமல் வீட்டுக்கு வந்து நடந்ததை எருமையிடம் சொன்னேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால், இனி நான் அந்தக் கடைப் பக்கம் போகப்போவதில்லை. டிரான்சிஸ்டர் பேட்டரியையும் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன். நீ எந்த ஊர்க்காரியாக வேண்டுமானாலும் பேசிக்கொள். பொங்கலுக்கு வருவதாக இருந்தால், எந்தத் தமிழில் வருகிறாய் என்று முன்கூட்டியே ஒரு கார்டு போடவும்.

ஐஸ் தண்ணீர் குடிக்காதே. உன் தொண்டை நூறு வருஷம் கம்மாமல் இருக்க ஊர் அம்மன் துணை இருப்பாள்.

இப்படிக்கு,
உன் நைனா
எல்லப்பன்

பி.கு.: பேட்டரியைத் திரும்பப் போட்டாயிற்று. இதே தபாலில் பாஞ்சாலியக்காவுக்கும் ஒரு கடிதம் வருகிறது. புண்ணாக்கு வைத்தும் வண்டு போகவில்லை, அடுத்த மரத்துக்கும் தாவிவிட்டது. இப்போது நமக்கு இரண்டு தென்னை. அண்ணாச்சி என்றே சொல், பரவாயில்லை. உன் அம்மா ஆயுசுக்கும் என் பெயரைச் சொன்னதில்லை, "இந்தாய்யா" என்பதோடு சரி. நம் வீட்டுப் பெண்குரல் ஒன்று என் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்.