கடல் உள்வாங்கவில்லை, மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் அங்கே சுகம் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று அடுத்து எழுத வேண்டும். பேனா அந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது. சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உங்கள் சைக்கிள் கடையில், காற்றடிக்கும் பம்புக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு முக்காலி போட இடம் இருக்குமா? டீச்சர் வேலை போய்விடும் போலிருக்கிறது. நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று கடையில் என் படத்தை மாட்டியிருக்கிறீர்களே, அதை இப்போதைக்குச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.

இன்று காலை ஆய்வாளர் வந்தார். என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதை அவர் எழுதும் அறிக்கைதான் முடிவு செய்யும். "வாய்க்குள்ளயே முணுமுணுக்காதம்மா, கொசுகூட உன்னைவிடச் சத்தமாப் பேசும்" என்று தலைமை ஆசிரியை நேற்றே எச்சரித்திருந்தார். பாடமோ நிலநடுக்கமும் சுனாமியும். நிலநடுக்கம் நடத்தப் போனவளுக்குக் கைநடுக்கம். அவித்த முட்டையின் ஓட்டைத் தட்டி விரிசல் விட்டுக் காட்டினேன். பூமியின் மேற்புறமும் இப்படித்தான் துண்டு துண்டாக இருக்கிறது, ஒவ்வொரு துண்டும் ஒரு தட்டு, நகம் வளரும் வேகத்தில் நகர்கிறது என்றேன். "அவ்வளவு பெரிய தட்டை யாரு டீச்சர் கழுவுவாங்க?" என்று ஒரு குரல். ஆய்வாளர் சிரிக்கவில்லை. சரி, செய்தே காட்டலாம் என்று இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப்போட்டு எதிரெதிர்த் திசையில் தள்ளச் சொன்னேன். விளிம்புகள் சிக்கிக்கொண்டன. "தள்ளத் தள்ள விசை சேர்ந்துகிட்டே இருக்கு, தாங்க முடியாதப்ப..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெஞ்சு பிய்த்துக்கொண்டு போய் ஆய்வாளரின் முழங்காலில் மோதியது. "இந்த அதிர்வுதான் நிலநடுக்கம்" என்று வாக்கியத்தை முடித்தேன், வேறென்ன செய்ய? "புரியுதும்மா, நல்லாவே புரியுது" என்றார் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. அத்தோடு விட்டிருக்கலாம். கடலுக்கு அடியில் தரை சட்டென்று உயர்ந்தால் மேலிருக்கும் தண்ணீர் மொத்தமும் எழும்பும் என்று காட்ட, மேசைமேல் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த சின்னத் தொட்டிக்குள் கிடந்த பலகையை வெடுக்கென்று தூக்கினேன். பாதித் தண்ணீர் அவர் கால்சட்டையில்.

அதன்பிறகு பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே பயந்து, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றே மிச்சப் பாடத்தைச் சொன்னேன். சுனாமி அலை நடுக்கடலில் உயரமே தெரியாமல் விமான வேகத்தில் வரும், கரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து உயரும். சில சமயம் முதலில் கடல் உள்வாங்கும், கரையோரத் தரை வெளியே தெரியும். வேடிக்கை பார்க்கப் போகாதே. நிலம் பலமாக ஆடினால் கடலைப் பார்த்துக்கொண்டுகூட நிற்காதே. மேட்டுக்கு ஓடு. முதல் அலையோடு முடிந்தது என்று இறங்காதே. 'உள்வாங்கினால் ஓடு' என்று பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டேன். அப்போதுதான் ஆய்வாளர், பாவம், நல்ல மனதோடு கேட்டார்: "என்ன பிள்ளைங்களா, எல்லாம் நல்லா உள்வாங்கியாச்சா?"

முதல் பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாள். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வதால் அவளுக்கு 'அவசரம்' என்றே பெயர். "உள்வாங்கியாச்சாம்! ஓடுங்க!" என்று அலறினாள்.

மாமா, எங்கள் வகுப்பின் சன்னல் கடலைப் பார்த்தது. அவள் பார்த்துவிட்டுத்தான் கத்துகிறாள் என்று நானும் நம்பிவிட்டேன். காலில் கட்டுப்போட்டிருந்த பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைசியாக வெளியே வந்தேன். எங்களைப் பார்த்துப் பக்கத்து வகுப்புகள் ஓடின. பள்ளி ஓடுவதைப் பார்த்துத் தெரு ஓடியது. "மணி அடிக்கலையே, மணி அடிக்காம எப்படி ஓடறது?" என்று கேட்டுக்கொண்டே தலைமை ஆசிரியையும் ஓடினார். யாரும் சிரிக்கவில்லை. என் காதில் செருப்புச் சத்தமும், இடுப்பிலிருந்த பிள்ளை "எங்கம்மா, எங்கம்மா" என்று விசும்புவதும் மட்டும்தான். மேட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்களா என்று எண்ணி, இன்னொரு தடவை எண்ணி, அப்புறம்தான் திரும்பிப் பார்க்கத் தைரியம் வந்தது. கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. என் வேலைதான் உள்வாங்கிக்கொண்டிருந்தது.

இதோடு முடியவில்லை. "ஒண்ணுமில்ல, இறங்குங்க" என்றார் தலைமை ஆசிரியை. "மாட்டோம். முதல் அலைக்கப்புறம் இறங்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள் அவசரம். "முதல் அலையே வரலைடி!" "அப்ப ரெண்டு அலையும் பாக்கி இருக்கா?" என்று இன்னொருத்தி அழ ஆரம்பித்தாள். ஆய்வாளர் கெஞ்சியும் ஒரு பிள்ளை நகரவில்லை. கடைசியில் நான்தான் தொட்டிப் படியில் ஏறி, "அபாயம் இல்ல! நான் சொல்றேன், இறங்குங்க!" என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். இறங்கினார்கள். ஆய்வாளர் ஈரக் கால்சட்டையோடு, நொண்டிக்கொண்டே போனார்.

அதனால்தான் முக்காலி. அம்மாவிடம் எதுவும் சொல்லாதீர்கள். நானே வந்து அழுதுகொள்கிறேன். அத்தைக்கு என் அன்பு. ஊர்ச் சாலையெல்லாம் முள்ளாகி, உங்கள் கடையில் பஞ்சர்கள் பெருகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கொசுக்குரல் மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தலைமை ஆசிரியை என் அறைக்கே வந்துவிட்டார். முக்காலி வேண்டாம் மாமா. படத்தைத் திருப்பி மாட்டுங்கள். போன முறை ஆய்வாளரே நடத்திய சுனாமி ஒத்திகையில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் பிள்ளைகள் பையையும் தண்ணீர் பாட்டிலையும் தேடிக்கொண்டிருந்தார்களாம். இன்று ஒரு சொல்லுக்கே தெருவோடு மேடேறிவிட்டோம். 'இவரை நிரந்தரமாக்கலாம். மாணவர்கள் பாடத்தை முழுமையாக உள்வாங்கியுள்ளனர்' என்று ஆய்வாளர் எழுதியிருக்கிறார். அதை வாசித்துக் காட்டிய தலைமை ஆசிரியை, அந்தச் சொல் வந்ததும் சன்னலைச் சாத்திவிட்டு, என்னைவிட மெல்லிய குரலில் படித்தார். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.