நேரத்தின் அருமை கருதி

மேடையில் மட்டுமே உயிர்வாழும் ஓர் இனம் உண்டு. நேரங்காப்பாளர் என்று பெயர் வைப்போம். ஒலிபெருக்கியை இரண்டு தட்டு தட்டி, தொண்டையைச் செருமி, "நேரத்தின் அருமை கருதி" என்று தொடங்கி, அந்த அருமையைப் பற்றியே இருபத்தைந்து நிமிடம் பேசுபவர் இவர். மற்றவர்களின் நேரத்தைச் சேமித்து, சேமித்ததையெல்லாம் தாமே செலவழிப்பார். அதைத் தொண்டு என்றும் நம்புவார்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே இந்த இனத்தின் அசல் மாதிரி ராஜாமணி. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், கண் சிகிச்சை முகாமானாலும் சரி, காதுகுத்து விழாவானாலும் சரி, ஒலிபெருக்கி கட்டிய இடமெல்லாம் அவர் இடம். 'முடிக்கவும்' என்று எழுதிய துண்டுச்சீட்டுகள் அவர் சட்டைப்பையில் அரை டஜனாவது இருக்கும். யார் பேசப்போகிறார், எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்பதெல்லாம் தெரிவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்துவிடுவார். அவர் பேசும்போது அவருக்குச் சீட்டு கொடுப்பவர் யார்? அப்படி ஒருவர் இன்னும் பிறக்கவில்லை.

போன ஏப்ரலில் கடல்சார் தினம் வந்தது. போர்க்காலத்தில் சரக்குக் கப்பலில் உழைத்த யாரையாவது கௌரவித்தே தீருவது என்று ராஜாமணி கிளம்பினார். தேடியதில் திண்டிவனத்து பிரான்சிஸ் அகப்பட்டார். ஈரானும் ஈராக்கும் அடித்துக்கொண்ட வருடங்களில் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்தவர்.

"நேவிதானே?" என்று கேட்டார் ராஜாமணி.

"நேவி இல்லீங்க. எண்ணெய் ஏத்திக்கினு போற கப்பலு. எஞ்சின் ரூம்ல வேலை."

"ரெண்டும் தண்ணியிலதானே போவுது? சண்டை நடந்துதா இல்லியா?"

"சண்டை அவங்க போட்டுக்கினு இருந்தாங்க. நாங்க நடுவுல போய்க்கினு இருந்தோம். எங்ககிட்ட துப்பாக்கிகூட கெடையாதுங்க. தீப்புடிச்சா கொட்டறதுக்கு மணல் வாளிதான்."

மணல் வாளியைப் பேனரில் போட்டால் எடுபடுமா? பீரங்கி வைத்த போர்க்கப்பல் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதன் மேல்தளத்தில் பிரான்சிஸின் பாஸ்போர்ட் சைஸ் முகத்தை ஒட்டச் சொன்னார் ராஜாமணி. பிரான்சிஸ் அதையும் பொறுத்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது வேறு.

"எனக்கு சால்வைகூட வேணாங்க. ரெண்டு நிமிஷம் மைக்கு குடுத்தா போதும். எங்கூட அந்தோணிசாமின்னு ஒருத்தன் வேலை செஞ்சான். எண்பத்தேழுல கப்பல் மேல குண்டு வுழுந்து செத்துப்போயிட்டான். பொணம் கெடைக்கல. அவன் ஃபாரின்ல வேற குடும்பம் வெச்சிக்கினு ஓடிட்டான்னு ஊர்ல இன்னும் பேசிக்கினு இருக்கறாங்க. நான் சொன்னா, கூட்டாளிய விட்டுக்குடுப்பானான்னு சிரிக்கிறாங்க. அவன் சம்சாரம் சவுரியம்மா முப்பத்தெட்டு வருஷமா தல நிமிந்து தெருவுல நடந்ததில்ல."

"ரெண்டு நிமிஷம் என்னாண்ணே, ரெண்டு மணி நேரம் பேசுங்க. உங்க விழா" என்றார் ராஜாமணி. மனதாரத்தான் சொன்னார். கண்கூடக் கலங்கியது.

மைக்கில் வந்தால்தான் நம் ஊரில் எதுவும் உண்மை. அதனால் பிரான்சிஸ் ஒரு வேன் பிடித்து, சவுரியம்மாளோடு அவர் தெருக்காரர்களையும் மண்டபத்துக்கு அழைத்து வந்துவிட்டார். அந்த 'வேற குடும்ப'க் கதைக்கு ஊற்றுக்கண்ணான பெரியதம்பியையும் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சவரம்கூடச் செய்துவிட்டு அழைத்து வந்ததாகக் கேள்வி.

பத்து மணி விழா பதினொன்றரைக்குத் தொடங்கியது. மேடையில் வீற்றிருப்பவர், வீற்றிருக்க வேண்டியவர், வர இயலாமல் வாழ்த்து அனுப்பியவர் என்று ஒவ்வொருவரையும் ராஜாமணி பட்டத்தோடு விளித்து முடிக்கவே நாற்பது நிமிடம். பிறகு வரவேற்புரை. அதுவும் அவரே. பேச வந்தவர்களை அறிமுகப்படுத்தினார்; பேசி முடித்ததும், அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை நமக்கு விளக்கினார். பிரான்சிஸை ஐந்து முறை கடற்படைத் தளபதி என்றார். ஐந்தாவது முறை பிரான்சிஸ் திருத்துவதை விட்டுவிட்டார். சால்வை போர்த்தும்போது படம் சரியாக விழவில்லை என்று அதை உருவி மறுபடி போர்த்தினார்கள்.

ஒன்றரை மணிக்கு உள்ளேயிருந்து சாம்பார் வாசம் வந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். மீதமிருந்தது ஏற்புரை ஒன்றுதான். கொடுத்த வாக்கு ராஜாமணிக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் கூட்டம் கலைகிறதே, கலையும் கூட்டத்தின் முன் நிற்பதைவிட ஒரு நேரங்காப்பாளருக்குப் பெரிய அவமானம் உண்டா? "நேரத்தின் அருமை கருதி, அண்ணன் ரத்தினச் சுருக்கமாக ஒரே ஒரு வார்த்தை" என்று சொல்லி மைக்கை நீட்டினார். பழக்கதோஷம், கூடவே ஒரு சீட்டையும் கையில் திணித்தார். பேச்சு தொடங்கும் முன்பே 'முடிக்கவும்'.

பிரான்சிஸ் சீட்டைப் படித்தார். எழுதிக்கொண்டு வந்திருந்த இரண்டு பக்கத்தையும் அதையும் சேர்த்து மடித்துப் பையில் வைத்தார்.

"அந்தோணிசாமி எங்கியும் ஓடிப்போகலைங்க. குண்டு வுழுந்தப்ப என்னை ஏணில ஏத்தி வுட்டுட்டு, அவன் எஞ்சின் ரூம்லயே எரிஞ்சிட்டான். நான் கண்ணால பார்த்தேன். அவன் சம்சாரம் அதோ மூணாவது வரிசைல இருக்கறாங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். கால் நிமிடம் ஆகியிருக்காது.

சவுரியம்மாள் எழுந்து நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்டபத்தை நேராகப் பார்த்தபடி சும்மா நின்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் தாங்களும் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜாமணி மைக்கை வாங்கினார். அவர் வாழ்க்கையிலேயே ஒலிபெருக்கி சும்மா இரைந்தது அன்றுதான். அந்த ஒரு நிமிடத்துக்காக அவர் செய்த அத்தனை பாவத்தையும் மன்னித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

மன்னிக்க முடியாதது வேறு. வேனில் வந்த பதினாலு பேரில் அந்த நேரம் மண்டபத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மற்றவர்கள் பந்தியில் இடம்பிடிக்கப் போயிருந்தார்கள். பெரியதம்பி முதல் இலையில். அவரைப் பொறுத்தவரை அந்தோணிசாமி இன்றைக்கும் வெளிநாட்டில் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார். திரும்பும் வழியில் வேனிலேயே அதைச் சொல்லிக்கொண்டு வந்தார். ராஜாமணி சீட்டு எழுதுவது யாருக்குப் பயந்து என்று நினைக்கிறீர்கள்? எழுந்து போகிறவர்களுக்குப் பயந்துதான். நீங்கள் கடைசியாகப் போன விழாவில் ஏற்புரை ஆற்றியவர் என்ன சொன்னார், கொஞ்சம் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். பாயசம் நன்றாக இருந்தது என்பது தெரியும்.