பிராசஸருக்குப் பூசிய பொம்மை மாவு

ஒரு சீடியைக்கூடச் சரியாகச் செருகத் தெரியாத வயதில் ஊரெல்லாம் கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஆறு மாதக் கோர்ஸ் சான்றிதழ், வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், பயோடேட்டா அடித்துக் கொடுக்கும் தொழில். அவ்வளவுதான் என் இன்ஜினியரிங். (கல்யாணத் தரகரிடம் அம்மா "சாஃப்ட்வேரு" என்றே சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை.)

தரகர் கொண்டுவந்த பெண்ணின் அப்பா எங்கள் விருத்தாசலத்திலேயே செராமிக் பொம்மைப் பட்டறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகவும், தன் பொம்மைப் படங்களைச் சீடியில் கொண்டுவருவதாகவும், நான் அவற்றைக் கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். என் கம்ப்யூட்டரோ பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. பிராசஸர் கொதித்து, கீகீயென்று கத்திவிட்டு அணைந்துவிடும். மே மாதம் வேறு. பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து கட்டினால் இவளைத்தான் என்று நான் முடிவு செய்திருந்தேன். சனிக்கிழமை காலையிலேயே பிராசஸர் மேல் மாட்டும் கூலர் வாங்கப் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். "உங்க பொட்டிக்கு இந்தச் சின்ன கூலரே போதுங்க. உள்ள இருக்கிற சூட்ட வெளிய தள்ள பின்னாடி ஒரு ஃபேன் போடுங்க, அதான் முக்கியம்" என்றார்.

நான் கூலரைப் பாத்திரக்கடையில் குடம் வாங்குவது போல வாங்கினேன். கையில் தூக்கிப் பார்த்தேன், விரலால் சுண்டிப் பார்த்தேன், இருப்பதிலேயே கனமான செம்புக் கூலரை எடுத்துக்கொண்டேன். அதில் நீல விளக்கு எரியும். (மாமனார் பார்க்க வேண்டாமா?)

மாட்டியபோது கேபினட் கதவு மூடவில்லை. காற்று வரட்டும் என்று விட்டுவிட்டேன். டப்பாவில் ஒரு சின்னப் பாக்கெட் இருந்தது. புது ஷூவுக்குள் கிடக்குமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று என்று வரும் வழியிலேயே பஸ் ஜன்னல் வழியாக வீசியிருந்தேன். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசவேண்டிய பேஸ்ட் அதுதான் என்று, கூட வந்த காகிதத்தை ஞாயிறு காலையில் பிரித்தபோது தெரிந்தது.

"வெள்ளையா, கொழகொழன்னு இருக்கணும்டா" என்றேன், பக்கத்து வீட்டு ஷெரீப்பிடம். அவன் வேறொரு பட்டறையில் அச்சில் பொம்மை வார்ப்பவன்.

"அவ்ளோதான? பொம்ம ஊத்துற மாவு டிரம்மு டிரம்மா கெடக்குது. சூளையில வெச்சாலே ஒண்ணும் ஆவாது, ஒன் பொட்டி சூடு என்னா பண்ணிடும்?"

எனக்கு அது விஞ்ஞானமாகவே பட்டது. ஒரு டம்ளர் களிமண் கூழ் வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போல இரண்டு கோட்டு பூசினேன். ஆன் செய்தால் சூடு மளமளவென்று இறங்கியது. (ஈர மாவு, இறங்காமல் என்ன செய்யும்?) ஷெரீப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் வந்தார்கள். இலை போடட்டுமா என்று அம்மா கேட்டாள். "பேசி முடிச்சிட்டுக் கை நனைக்கிறோங்க" என்றார் பெண்ணின் அப்பா.

சீடியைப் போட்டேன். முதல் பொம்மை வந்தது. இரண்டாவது பொம்மைக்குக் கழுத்துவரை வந்தபோது கீகீ கேட்டது. திரை கறுத்தது. அறை முழுக்கச் சுட்ட மண் வாடை.

"கரண்ட்டு போயிடுச்சுங்க" என்றேன். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து கேபினட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கூலர் ஓரத்தில் வழிந்து காய்ந்து வெடித்திருந்ததை நகத்தால் சுரண்டி, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார்.

"இத யாரு பூசுனது?"

ஷெரீப் கொல்லைப்பக்கமாக நழுவிவிட்டான். "நான்தாங்க" என்றேன். அதற்கு மேல் பொய் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. ஆறு மாதக் கோர்ஸையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். பெண் போச்சே என்று அழுகை வந்ததையும் எழுதித் தொலைக்கிறேன்.

"இம்மாம் மொத்தமா பூசி உடனே சூட்டுல வெச்சா வெடிக்காம என்னா செய்யும் தம்பி? நெழல்ல காய வெக்கணும். எங்க வேலையில மொத பாடமே அதான்" என்றவர், அம்மா பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டரு இவருக்கு ஒத்து வராதுங்க. பட்டறைக்கு வரட்டும், நான் கத்துக் குடுக்கறேன். எலையப் போடுங்க."

அன்றிலிருந்து அவர் பட்டறையில் சூளைக்குச் சூடு பார்ப்பது நான்தான். போன வாரம் என் மகள், லேப்டாப் ரொம்பச் சூடாகிறது என்று என்னிடம் எடுத்து வந்தாள். என் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"அப்பா கையில குடுக்காத. பெயிண்ட் அடிச்சுப் பொம்மக் கடைக்கு அனுப்பிடுவாரு."